பட்டர்வொர்த்தில் ஓர் ஆஸ்திரேலியச் சட்டை

ஒரு மிலிட்டரி சட்டையைத் தூரத்தில் பார்த்தவுடனேயே அது எந்த நாட்டுப் பட்டாளத்தின் சட்டை என்று உங்களால் சொல்ல முடியுமா?

என்னால் முடியும். தலைக்கனம் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். திருச்சியில் மூன்று வருஷம் பி.எஸ்ஸி. இயற்பியல் படித்ததில் மண்டையில் தங்கியது சொற்பம். ஆனால் காட்டுக்குள் ஆள் தெரியாமல் இருக்கச் சிப்பாய்கள் போடுகிறார்களே, கறை கறையான துணி, அதில் என்னை யாரும் மடக்க முடியாது. பெயின்ட் பிரஷ்ஷால் இழுத்துவிட்ட மாதிரி பச்சை, பழுப்பு, கறுப்பு எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தால் பிரிட்டன். மழை பெய்கிற மாதிரி சின்னச் சின்னக் கோடுகள் என்றால் கிழக்கு ஜெர்மனி. அந்த நாடே இப்போது இல்லை, சட்டை மட்டும் உலகம் பூராவும் மலிவாகக் கிடைக்கிறது. என் பீரோவில் இப்படிப் பதினொரு நாடுகள் மடித்து வைக்கப்பட்டிருக்கின்றன. அம்மாவின் புடவைகள் கட்டிலுக்கு அடியில் போய்விட்டன.

ஆஸ்திரேலியா மட்டும் இல்லை. படத்தில்தான் பார்த்திருக்கிறேன். மணல் நிறத் துணியில் ஒரு படி அவரை விதையைக் கொட்டிக் கலைத்த மாதிரி பச்சையும் செம்பழுப்பும் உருண்டை உருண்டையாகக் கிடக்கும். அந்தச் சட்டைக்காக நான் ஏங்கிய ஏக்கத்தில் பாதியை ஒரு பெண்ணுக்காக ஏங்கியிருந்தால் இந்நேரம் கல்யாணமே ஆகியிருக்கும்.

அதனால்தான் பினாங்கில் மாமா மகள் உமாவுக்குக் கல்யாணம், அம்மாவுக்கு முழங்கால் வலி, பட்டுப் புடவைகளை யாராவது கொண்டுபோக வேண்டும் என்று வீட்டில் பேச்சு வந்தபோது நான் கையைத் தூக்கினேன். பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரை பட்டர்வொர்த். அங்கே ஒரு விமானத் தளம் இருக்கிறது. ஆஸ்திரேலியச் சிப்பாய்கள் அங்கே கூட்டம் கூட்டமாக வந்து சில மாதம் தங்கிவிட்டுப் போகிறார்கள். எனக்கு அது போதும்.

இதில் வரும் ஆட்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன். ஏன் என்று போகப் போகத் தெரியும்.

மாமா வீடு சுங்கை பினாங்கில், அடுக்கு மாடிக் குடியிருப்பில் இருக்கிறது. அத்தை அங்கேயே பிறந்தவர். அவரைக் கட்டிக்கொண்டு மாமாதான் போய்ச் சேர்ந்தார். நடுக் கூடத்தில் என் பெட்டியைத் திறந்ததும் புடவைகளுக்கு அடியிலிருந்து பண்டமாற்றுக்காக நான் கொண்டுபோன இந்திய மிலிட்டரி சட்டை எட்டிப் பார்த்தது. மாமா முகம் செத்துவிட்டது.

“என்னாடா இது?”

“மாத்திக்கிறதுக்கு மாமா. இதக் குடுத்துட்டு வேற நாட்டுது வாங்கிக்குவேன்.”

“பொம்பளப் புள்ளைங்க சீலைய மாத்திக்கிற மாதிரியா? இத மாட்டிக்கிட்டு கீழ எறங்கிறாத லா. போலீஸ்காரன் தூக்கிட்டுப் போயிருவான். பொண்ணு கல்யாணத்த வச்சிக்கிட்டு நான் ஸ்டேஷனுக்கு அலையணும்.”

வாக்கியத்துக்கு வால் மாதிரி ஒரு ‘லா’ ஒட்டுவது அந்த ஊர்ப் பேச்சு.

“போட மாட்டேன் மாமா. பாக்குறதோட சரி.”

“போடாத சட்டைக்கு இம்மாம் பெரிய பீரோவா,” என்றார் அத்தை. அம்மா போனில் எல்லாவற்றையும் ஒப்பித்திருக்கிறாள்.

சாயங்காலம் கீழே ரோட்டோர ஒட்டுக்கடையில் மீ கோரெங் சாப்பிட்டோம். மஞ்சள் நூடுல்ஸை எண்ணெயிலும் மிளகாய் விழுதிலும் புரட்டி, மேலே எலுமிச்சை பிழிந்து தருகிறார்கள். நம்மூர் சேமியா உப்புமா இதைப் பார்த்தால் வெட்கப்படும். கடைக்காரர் நாற்பது வயதுத் தமிழர். எல்லோரும் அவரைச் “சிட்னி” என்று கூப்பிட்டார்கள். சிட்னி, ரெண்டு மீ. சிட்னி, காரம் கம்மி. பெயர்க்காரணம் கேட்டேன். மாமா குஷியாகிவிட்டார்.

“ஆஸ்திரேலியாவுக்கு வேலைக்குன்னு போனாரு. ஏர்போர்ட்டுலயே நிப்பாட்டி அடுத்த பிளேன்ல ஏத்தி வுட்டுட்டான் வெள்ளக்காரன். போனதும் தெரியும், வந்ததும் தெரியும். நடுவுல ஒரு கங்காருவகூட பாக்கல மனுஷன்.”

பக்கத்து மேசை சிரித்தது. அவர்களுக்கு இது நூறாவது தடவையாக இருக்கும். சிட்னியும் சிரித்தார். சிரித்துக்கொண்டே என் தட்டில் முட்டையைக் கொஞ்சம் பலமாக உடைத்து ஊற்றினார்.

மறுநாள் ரோப் வாக்குக்குப் போனேன். ஜார்ஜ் டவுனில் பழைய சாமான் விற்கிற தெரு அது. போகும்போது பஸ் மாறி ஏறி, ஒரு மலையடிவாரக் கோயில் வரைக்கும் போய்விட்டுத் திரும்பினேன். டிரைவர் மலாய்க்காரர். தப்பான பஸ் என்று அவருக்கு முதலிலேயே தெரிந்திருந்ததாம். “நீ கோயிலுக்குப் போகிற ஆள் மாதிரி இருந்தாய்” என்றார் ஆங்கிலத்தில். இந்த முகத்தைப் பார்த்து அப்படிச் சொன்ன முதல் மனிதர் அவர்தான்.

ரோப் வாக்கில் உடைந்த கடிகாரம், ஒற்றைச் செருப்பு, மின்விசிறி இறக்கை எல்லாம் தரையில் விரித்துக் கிடந்தன. நடுவில் கறைச் சட்டைகள் மூன்று. ஒரு சீனப் பெரியவர் விற்றுக்கொண்டிருந்தார். நான் ஒன்றை உள்பக்கம் திருப்பிப் பார்த்தேன்.

“உண்மையான அமெரிக்கா,” என்றார்.

“உண்மையான அமெரிக்காவில் பாக்கெட்டுக்குள் இப்படி நூல் தொங்காது.”

“நூல் தொங்காமல் வேண்டுமென்றால் அமெரிக்காவுக்குப் போ. இது பினாங்கு.”

அவரோடு உட்கார்ந்துவிட்டேன். எனக்கு யாராவது காது கொடுத்தால் விடமாட்டேன். இந்த மாதிரித் துணியை முதலில் அச்சடித்துவிட்டு, பிறகுதான் வெட்டித் தைப்பார்கள். எந்தக் கறை எங்கே விழும் என்று வெட்டுகிறவனுக்கே தெரியாது. ஒரே தொழிற்சாலை, ஒரே அளவு, ஒரே நாள் என்றாலும் இரண்டு சட்டைகளில் ஒரே பாக்கெட்டில் ஒரே கறை விழுவது கிட்டத்தட்ட நடக்காது. நன்றாகத் தெரிகிற போட்டோ ஒன்று இருந்தால் போதும், ஆயிரம் சட்டைகளுக்கு நடுவில் அந்த ஒரு சட்டையை எடுத்துக் காட்டிவிடலாம். இதையெல்லாம் பெரியவரிடம் விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “சரி, வாங்குகிறாயா இல்லையா?” என்றார்.

வெறுங்கையோடு திரும்பினால் வீட்டு வாசலில் ஒரு அக்கா நின்றுகொண்டிருந்தார். பக்கத்து வீட்டு பரமேஸ்வரி அக்கா. முப்பது வயதிருக்கும். பாயான் லெப்பாஸில் எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் வேலை. கையில் இறால் சம்பல் கிண்ணம், இடுப்பில் ஒரு தபால் உறை.

“தம்பி, நீ துணியப் பாத்தே நாடு சொல்லிருவியாமே. மாமா சொன்னாரு.”

“சொல்லுவேங்க்கா. குடுங்க.”

உறையிலிருந்து ஒரு கலர் போட்டோவை எடுத்து நீட்டினார். எங்களைப் போன்ற ஆட்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. சட்டையைப் பார்க்கும்போது முகம் கண்ணை இழுக்கும். அதனால் கட்டைவிரலை வைத்து முகத்தை மறைத்துவிட்டுத்தான் துணியைப் பார்ப்போம். நான் அப்படியே மறைத்தேன். மணல் நிறம். அவரை விதைகள். இடது பாக்கெட்டில் தலையில்லாத வாத்து மாதிரி ஒரு பச்சைக் கறை, பாக்கெட்டின் மூடி அதன் கழுத்தை வெட்டியிருந்தது.

“ஆஸ்திரேலியா,” என்றேன். “அச்சு அசல் ஆஸ்திரேலியா. நூத்துக்கு நூறு.”

அக்கா என் கட்டைவிரலை மெல்ல நகர்த்தினார். “இவன்தான் என் தம்பி. ரவி.”

சுருட்டை முடி, தாடையில் ஒரு தழும்பு. குளிரில் நிற்கிற மாதிரி தோளைக் குறுக்கிக்கொண்டிருந்தான். பின்னால் சாம்பல் நிறத்தில் ஏதோ சுவர். நான் மறுபடியும் பாக்கெட்டுக்குப் போய்விட்டேன்.

ரவி ஆஸ்திரேலியா போய் இரண்டு வருஷம் ஆகிறது. பழத்தோட்டத்தில் வேலையாம். கடிதம் எழுதுகிற பழக்கம் கிடையாது. எப்போதாவது மாமா வீட்டுக்குப் போன் வரும். இந்தப் படத்தைக்கூட ஊருக்கு வந்த கூட்டாளி ஒருவன் கையில்தான் கொடுத்தனுப்பியிருக்கிறான்.

“பக்கத்து ரூம்ல நின்னு பேசுற மாதிரி கேக்கும் லா,” என்றார் மாமா உள்ளேயிருந்து. “வெள்ளக்காரன் லைன் லைன்தான்.”

“ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க தம்பி,” என்றார் அக்கா. “ஜெயில்ல இருக்கான்ங்கிறாங்க. ஆளே இல்லங்கிறாங்க. எனக்கும் ராத்திரியில நெஞ்சு படபடன்னு வரும். நீ சொன்னியே, இனிமே தூங்குவேன்.”

எனக்குப் பெருமை தாங்கவில்லை. சம்பலை ஒரு கை பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கல்யாணம். அக்னி வளர்த்து, உமாவின் கையில் அவள் அண்ணன் பொரியை அள்ளிப் போட்டான். அவன் பாதியைத் தரையில் கொட்டியதற்குச் சனம் சிரித்தது. பரமேஸ்வரி அக்கா முன்வரிசையில் இருந்தார். அவர் மட்டும் அந்தப் பொரியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்பா அம்மா ரெண்டு பேரும் இல்ல. தம்பிய இவதான் வளத்தா,” என்றார் அத்தை பந்தியில், என் இலைக்கு ஆட்டுக்கறி தள்ளிக்கொண்டே. “நல்ல நல்ல எடமா ரெண்டு வந்துச்சி. தம்பி வந்து பொரி போடாம எனக்கு என்னா கல்யாணம்னு திருப்பி அனுப்பிட்டா. வயசு நிக்குதா? நேத்து என்னா நெனச்சாளோ, மாப்பிள்ள பாருங்க அக்கா, அடுத்த வருஷம் தம்பி வந்துருவான்னு அவளே வந்து சொல்றா. நீ என்னாமோ துணியப் பாத்து சொன்னியாமே.”

மண்டபத்தில் ஏழெட்டுப் பேர் என்னிடம் வந்து, துணியைப் பார்த்தே நாடு சொல்கிற தம்பி நீதானா என்று கேட்டார்கள். ஒருவர் தன் கைலியைக் காட்டி எந்த நாடு என்றார்.

திங்கட்கிழமை காலையில் பட்டர்வொர்த் கிளம்பினேன், பையில் இந்தியச் சட்டையோடு. தீவிலிருந்து அக்கரைக்குப் போக ஃபெர்ரியில் காசு கிடையாது. அங்கிருந்து திரும்பி வருவதற்குத்தான் காசு. நம்மூரில் யாராவது இப்படி ஒரு யோசனை சொல்லியிருந்தால் போகிறவன் எல்லாம் ஓசியில் போய்விட்டு நீந்தி வந்திருப்பான். கீழ்த் தட்டில் லாரிகள், மேல் தட்டில் ஜனங்கள். கடல் காற்றில் டீசல் வாசம். எதிர்க்கரையில் எனக்காக ஒரு சட்டை காத்திருக்கிறது என்று நிச்சயமாகத் தோன்றியது.

இருந்தது. பஸ் நிலையத்துக்குப் பின்னால் தையல் கடை, சலவைக் கடை எல்லாம் விசாரித்துக் களைத்துப்போய், ஒரு போட்டோ ஸ்டூடியோவின் நிழலில் ஒதுங்கினேன். கண்ணாடி ஜன்னலில் படங்கள். மணமக்கள், பட்டம் வாங்கியவர்கள், குண்டுக் குழந்தைகள். கீழ் வரிசையில் மூன்று இளைஞர்கள், ஒரு மலாய்க்காரன், ஒரு சீனன், ஒரு தமிழன். மூன்று பேரும் ஆஸ்திரேலியச் சட்டை போட்டிருந்தார்கள்.

பழக்க தோஷம். கண்ணாடியில் கட்டைவிரலை வைத்து ஒவ்வொரு முகமாக மறைத்தேன். மூன்று பேரின் இடது பாக்கெட்டிலும் தலையில்லாத வாத்து. மூன்று ஆள், ஒரே சட்டை.

அந்தச் சட்டை இங்கேதான் இருக்கிறது என்ற சந்தோஷம் முதலில் வந்தது. உள்ளே பாய்ந்தேன். ஸ்டூடியோக்காரர் தமிழ் முஸ்லிம் பெரியவர், வெள்ளைத் தொப்பி. அவருக்குப் பின்னால் சுவரில் ஆணி ஆணியாகத் தொங்கின: கறுப்புக் கோட்டு, டை, பட்டமளிப்பு அங்கி, கடைசி ஆணியில் அது.

“பாய், அந்தச் சட்டை...”

“போட்டு எடுக்கணுமா? பௌடர் அங்க இருக்கு, தல சீவிக்க.”

“இல்ல பாய். எனக்கு அது வேணும்.”

விஷயத்தைச் சொன்னேன். தளத்திலிருந்து வந்த சிப்பாய் ஒருவன் ஊருக்குப் போகும்போது கொடுத்துவிட்டுப் போனதாம். பையன்கள் மாட்டிக்கொண்டு கமாண்டோ மாதிரி நின்று படம் எடுத்துக்கொள்ளும் சட்டை. நான் இந்தியச் சட்டையை விரித்துக் காட்டினேன். அவர் தடவிப் பார்த்தார்.

“இந்தியா ஆர்மியா? இதுவும் நல்லாத்தான் இருக்கு. பசங்களுக்கும் புதுசா ஒண்ணு ஆச்சி. சரி, மாத்திக்குவம். நாளைக்கு வா தம்பி, இன்னிக்கி ரெண்டு பேரு இதுல எடுக்க வர்றாங்க.”

அவர் சட்டையைத் திரும்ப மாட்டியபோதுதான் அதற்குப் பக்கத்தில் தொங்கிய திரையைப் பார்த்தேன். சாம்பல் நிறத் துணி. அக்கா காட்டிய படத்தில் ரவிக்குப் பின்னால் இருந்த சுவர்.

தலைக்குள் மெதுவாக ஏறியது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், மெதுவாகத்தான் ஏறியது.

“பாய், இதப் போட்டு ரவின்னு ஒருத்தர் எடுத்தாரா? சுருட்டை முடி. தாடையில தழும்பு.”

“ரவியா? சிம்பாங் அம்பாட்ல கையொற பேக்டரில வேல செய்யிறாரே, அவரா? வேலைப் பாஸுக்குப் படம் எடுக்க வந்தாரு. அந்தப் பேக்டரி ஆளுங்க எல்லாரும் இங்கதான் வருவாங்க. இந்தச் சட்டையப் பாத்துட்டு இதுலயும் ஒண்ணு எடுங்கன்னாரு.” பாய் சிரித்தார். “மூஞ்சி குளிர்ற மாதிரி வரணும் பாய்ன்னு சொல்லி, ஃபேன வேற வேகமா வைக்கச் சொன்னாரு.”

திரும்புகிற ஃபெர்ரியில் காசு கொடுத்துவிட்டு மிச்சம் வாங்க மறந்து நடந்தேன். சட்டை ஆஸ்திரேலியா என்பதில் எனக்கு இப்போதும் சந்தேகமில்லை. அதற்குள் இருக்கிறவன் எங்கே நிற்கிறான் என்று சட்டை எங்கேயும் சொல்லவில்லை. நான்தான் சொன்னேன். அதை நம்பி ஒரு அக்கா மாப்பிள்ளை பார்க்கச் சொல்லிவிட்டார்.

அக்கா மாடி நடைவழியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

“அக்கா, அந்தப் போட்டோவ இன்னொரு தடவை குடுங்களேன்.”

கொடுத்தார். வாத்து அங்கேயே இருந்தது, பாக்கெட் மூடி அதன் கழுத்தில்.

“ஏன் தம்பி, ஆஸ்திரேலியா இல்லியா?”

“சட்டை ஆஸ்திரேலியாதாங்க்கா.”

அக்கா கையிலிருந்த ஈரத் துண்டைப் பிழிந்தார். ஏற்கெனவே பிழிந்த துண்டு அது.

“அப்ப ரவி?”

சொன்னேன். ஸ்டூடியோ, திரை, மின்விசிறி, கையுறைத் தொழிற்சாலை, எல்லாவற்றையும். அழுவார் என்று நினைத்தேன். அவர் வீட்டுக்குள் போய், பையை எடுத்து வைத்துவிட்டு வந்து கேட்டார்.

“நாளைக்கு நான் எம்.சி. போட்டுடறேன். நீ எடத்தக் காட்றியா?”

உடம்பு சரியில்லை என்று எடுக்கும் லீவுக்கு அங்கே எம்.சி. என்று பெயர். அக்கா வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து போடும் முதல் எம்.சி. அதுதான் என்று பிறகு தெரிந்தது.

மறுநாள் ஃபெர்ரியில் அக்கா உட்காரவே இல்லை. நல்ல சேலை கட்டியிருந்தார். கையில் ஒரு சாப்பாட்டு அடுக்கு. நண்டுக் குழம்பு, ரவிக்குப் பிடிக்குமாம். பட்டர்வொர்த்திலிருந்து சிம்பாங் அம்பாட் போன பஸ் பாதி வழியில் புகைவிட்டு நின்றது. டிரைவர் இறங்கி வேப்பமரத்தை வேடிக்கை பார்க்கிற மாதிரி எஞ்சினைப் பார்த்தார். நான் எரிச்சலில் முனகினேன். அக்கா மட்டும் அவசரமே இல்லாதவர் மாதிரி, அடுக்கின் மூடியைத் தடவிக்கொண்டு நின்றார்.

“அவன் போனப்ப ஒரு வேன் புடிச்சி சுபாங் ஏர்போர்ட்டுக்குப் போனோம்,” என்றார். “எங்க மாடி ப்ளாக்கே வந்துச்சி. உங்க மாமாதான் மாலை போட்டாரு.”

தொழிற்சாலை வாசலுக்கு எதிரே ஒரு கூரைக் கடை. இரண்டு தே சொன்னோம், பால் சேர்த்த தேநீரை அங்கே அப்படித்தான் சொல்கிறார்கள். காற்றில் சூடான ரப்பர் நாற்றம். கொஞ்ச நேரத்தில் சங்கு ஊதியது. கையெல்லாம் வெள்ளை மாவாக ஆட்கள் வெளியே வந்தார்கள். கையுறை ஒட்டாமலிருக்கப் போடுகிற மாவு. அந்தக் கும்பலில் சுருட்டை முடி.

அவன் யாரோ வீசிய பொட்டலத்தை ஒற்றைக் கையில் பிடித்தான். மோட்டார் சைக்கிள் ஒன்றின்மேல் உட்கார்ந்து பிரித்துச் சாப்பிட ஆரம்பித்தான். எங்களுக்கும் அவனுக்கும் நடுவில் ஒரு ரோடுதான். நான் எழுந்தேன்.

என் சட்டையின் ஓரத்தை அக்கா பிடித்து இழுத்தார். “உக்காரு.”

“அக்கா, அந்தா இருக்கான்.”

“தெரியுது. உக்காரு தம்பி.”

அவர் தன் நாற்காலியைக் கடைத் தூணுக்குப் பின்னால் நகர்த்திக்கொண்டார். தூணின் ஓரத்தில் ஒரு கண் மட்டும். ரவி எதற்கோ வாய்விட்டுச் சிரித்தான். சோறு தொண்டையில் சிக்கி இருமினான். அக்காவின் கை தண்ணீர் டம்ளரை எடுத்து, பிறகு மேசையில் வைத்தது.

“இன்னும் அள்ளி அள்ளித்தான் திங்கிறான்,” என்றார். “மெலியல.”

மறுபடி சங்கு ஊதியது. அவன் கையைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டு உள்ளே போனான். கதவு மூடியது. நண்டுக் குழம்பு மேசைமேல் அப்படியே இருந்தது.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. “ஒரு குரல் குடுத்திருந்தா வந்திருப்பான்க்கா.”

“ஓடியிருப்பான். இங்கேருந்தும் ஓடிட்டான்னா அப்புறம் அவன எந்த ஊர்ல போயி தேடுறது?” அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். “நம்ம கீழ மீ போடுறாரே, அவரு பேரு என்னா?”

“சிட்னி.”

“அது இல்ல. அவங்க அம்மா அப்பா வச்ச பேரு.”

எனக்குத் தெரியாது.

“எனக்கும் தெரியல. எத்தன வருஷமா அவருகிட்ட மீ வாங்கித் திங்கிறேன், மறந்தே போச்சி. ரவியும் அவரோட பேர வச்சி சிரிச்சவன்தான். இவனையும் திருப்பித்தான் அனுப்பியிருப்பாங்க. மாலை போட்டு அனுப்பின எடத்துக்கு எப்பிடி வருவான்?”

“அப்ப உங்க கல்யாணம்?”

“அவனா வரட்டும். வந்து பொரி போடட்டும்.”

“வரலன்னா?”

அக்கா கடைக்காரப் பெண்ணைக் கூப்பிட்டு, ஞாயிற்றுக்கிழமையும் தொழிற்சாலை உண்டா, கடை உண்டா என்று விசாரித்தார். இரண்டும் உண்டு என்றாள் அவள். நண்டுக் குழம்பை நாங்கள் இருவரும் அங்கேயே பரோட்டா வாங்கிச் சாப்பிட்டோம். இதைவிட நல்ல நண்டுக் குழம்பை நான் சாப்பிட்டதில்லை, இதைவிட மோசமாக ஒரு சாப்பாடு இறங்கியதும் இல்லை.

திரும்பும் வழியில் ஸ்டூடியோ. சட்டையை மடித்துத் தயாராக வைத்திருந்தார் பாய். நான் காலரின் உட்புறம் பார்த்தேன். அளவு, முத்திரை, பொத்தான், எல்லாம் அசல். அக்கா ஒரு கை நீட்டி அதன் முழங்கை மடிப்பைத் தொட்டார். பிறகு என்னை வாசலுக்கு அழைத்தார்.

“தம்பி, இத நீ கண்டிப்பா கொண்டுபோகணுமா?”

“ஏங்க்கா?”

“இதக் கொண்டுபோயிட்டா அடுத்த படத்த அவன் எதப் போட்டுக்கிட்டு எடுப்பான்?”

நான் முட்டாள் மாதிரி, “அதான் என் இந்தியா சட்டை இருக்குமே” என்றேன்.

“அதப் போட்டு ஆஸ்திரேலியான்னு அனுப்பினா யாராச்சும் கண்டுபுடிச்சிருவாங்க. உன்ன மாதிரி ஆளு எல்லா ஊர்லயும் இருப்பான்ல.”

உள்ளே போனேன். சட்டையை ஒருமுறை விரித்தேன். முதல் தடவையாக ஒரு மிலிட்டரி சட்டையைப் போட்டுப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. போடவில்லை. பழையபடி கடைசி ஆணியில் மாட்டினேன்.

“என்னா தம்பி, வேணாமா?”

“வேணாம் பாய். யாரு கேட்டாலும் குடுத்துராதீங்க.”

“நேத்து அந்தப் பறப்பு பறந்த,” என்றார் பாய். அக்காவைப் பார்த்துவிட்டு, ஆணியில் சட்டையை நேராக்கினார்.

நான் ஊர் திரும்பும்வரை இதைப் பற்றி மாமா வீட்டில் மூச்சுவிடவில்லை. கடைசி நாளில் ஒட்டுக்கடைக்காரரிடம் போய், “அண்ணே, உங்க பேரு என்ன?” என்று கேட்டேன். நான் கேலி செய்கிறேன் என்று நினைத்து அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

என் பீரோவில் இன்னமும் பதினொரு நாடுகள்தான். போன வாரம் மாமா போன் செய்தார். ரவியிடமிருந்து அக்காவுக்கு இன்னொரு படம் வந்திருக்கிறதாம், கூட்டாளி கையில். அதே சட்டையாம். “தம்பி இப்ப கொஞ்சம் சத புடிச்சிட்டான்னு பரமேஸ்வரி சொல்லுது. படத்துல எனக்கு ஒண்ணும் வித்தியாசம் தெரியல லா,” என்றார் மாமா. நான் கல்யாணப் பேச்சு என்ன ஆயிற்று என்று கேட்டேன். அக்கா இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். ஞாயிற்றுக்கிழமை ஆனால் எங்கேயோ கிளம்பிவிடுகிறார், எந்தக் கோயில் என்று சொல்வதில்லை என்று அத்தைக்குக் குறை.

இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. பரமேஸ்வரி அக்கா இப்போது ஃபெர்ரியில் இருக்கிறார்.